ஆயிரத்து அறுநூறு டன் தண்ணீர்

அலுவலகத்தில் அவளை ஒப்பீட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். காகிதப் பொருள் ஏற்றுமதியில் நம் நாடு எத்தனை டன், பக்கத்து நாடு எத்தனை டன் என்று ஆண்டுக்கொரு பட்டியல் போடுவது அவள் வேலை. நோட்டு, உறை, அட்டைப்பெட்டி, கைதுடைக்கும் தாள் எல்லாம் அதில் சேரும். பதினோரு ஆண்டுகளாகப் பக்கத்து நாடே முந்திக்கொண்டிருந்தது.

அதே பதினோரு ஆண்டுகளாக அவள் கணவர் தலைநகரில் பஸ் டிப்போ மேற்பார்வையாளர். சனிக்கிழமை வருவார், ஞாயிறு போவார். வீட்டில் அவர் சட்டைக்கென்று ஒரு கொக்கி இருந்தது. மற்ற ஐந்து நாளும் அதில் குடை தொங்கியது. “நாம முந்துற வருஷம் உங்களுக்குத் தலைநகர் ஆபீஸ்” என்று இயக்குநர் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தன் இல்லற வாழ்வை அட்டைப்பெட்டிகளிடம் ஒப்படைத்துவிட்டு அந்தப் பேதை காத்திருந்தாள்.

இந்த ஆண்டு முந்தினோம். தொள்ளாயிரம் டன். இயக்குநர் கைகுலுக்கினார். அவர் கைகுலுக்கி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அவள் மட்டும் எடைச்சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் ஆலை வாசலில் எடை போட்ட சரக்கை இந்த ஆண்டு துறைமுகத்தில் போட்டிருந்தார்கள், ஒரு மாதம் கடற்காற்றில் கிடந்த பிறகு. பக்கத்து நாட்டில் இன்னும் ஆலை வாசல்தான்.

சனிக்கிழமை, ஒட்டி மூடிய இரண்டு மாதிரிக் கட்டுகளோடு வீட்டுக்கு வந்தாள். ஒன்று ஆலையிலிருந்து, மற்றது துறைமுகத்திலிருந்து. இரண்டிலும் நூறு நூறு கிராம் நிறுத்து, ஈரம் போகக் காய ஓவனில் வைத்தாள். கணவர் சட்டைகூட மாற்றாமல் தராசின் முன் உட்கார்ந்தார்.

“சாப்பிடற மாதிரி எதுவும் உள்ள வைக்கலையா?”

காய்ந்த தாளை எடுத்து ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தாள். “பேசாம முள்ளைப் பாருங்க. எவ்வளவு?”

“ஆலைக் கட்டு தொண்ணூத்தஞ்சு. துறைமுகம்... தொண்ணூத்தொண்ணு.”

“நாலு சதவீதம். நாம அனுப்பின நாப்பதாயிரம் டன்னுக்கு ஆயிரத்து அறுநூறு. அவ்வளவும் தண்ணிங்க.”

“அப்ப நாம தண்ணிய ஏத்துமதி பண்ணித்தான் ஜெயிச்சிருக்கோம்.”

“ம்.”

“இந்தக் கட்டைக் குப்பையில போட்டுட்டா யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமே.”

அவர் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். குடை கீழே விழுந்தது.

திங்கட்கிழமை திருத்திய பட்டியலை இயக்குநரின் மேசையில் வைத்தாள். அவர் இரண்டு முறை படித்தார்.

“ஏம்மா, புருஷன்கூட இருக்க உங்களுக்கு ஆசையே இல்லையா?”

“இருக்கு சார்.”

“அப்புறம்?”

“தண்ணியும் இருக்கே சார்.”

எழுநூறு டன் பின்தங்கினோம். தலைநகர் பதவி பேச்சிலிருந்தே போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, கணவர் இரண்டு பெட்டியும் ஒரு வாளியுமாக வந்து இறங்கினார்.

“இந்த ஊர் டிப்போலயே டிக்கெட் பரிசோதகர் வேலை கேட்டேன். ஒரு படி கீழதான். குடுத்துட்டாங்க.”

“கேட்டா குடுப்பாங்களா?”

“கேட்ட அன்னைக்கே.”

“இதைப் பதினோரு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கலாமே!”

“நம்ம நாடு ஜெயிச்சிடும்னு நம்பிட்டேன்மா.”

அவள் வாளியை வாங்கிக் குளியலறையில் வைத்தாள். அன்று அவரோடு பேசவில்லை. ஞாயிறும் பேசவில்லை. திங்கட்கிழமையும் பேசவில்லை. பதினோரு ஆண்டில் முதல்முறையாக, திங்கட்கிழமை பேசாமல் இருப்பதற்கு அவர் எதிரிலேயே இருந்தார்.