இரண்டு முறை செத்த ஜெர்மன் நடிகர்

குடுமியான்மலைக் கல்வெட்டைப் பார்க்க வந்த ஜெர்மன் நடிகர் ஒருவர், புதுக்கோட்டையில் எங்கள் காலேஜில் ஒரே ஒரு காட்சி நடிக்க ஒப்புக்கொண்டார். பக்கத்தில் நின்று வசனத்தைத் தமிழில் சொல்ல என்னைப் போட்டார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

இளம்வயதில் மேடை நடிகராம். யுத்தத்தில் நாடக அரங்கு இடிந்தபின், வெளிநாட்டுப் படங்களுக்கு ஜெர்மன் மொழியில் குரல் கொடுத்தே பிழைத்திருக்கிறார். "மேடையேறிப் பல வருஷமாயிற்று. இன்று தோற்றால் இனி ஏறவே மாட்டேன்" என்று காரில் இங்கிலீஷில் சொன்னார்.

காட்சியில் அவர் கிழட்டு ராஜா. விஷத்தைக் குடித்தார், தள்ளாடினார், நாற்காலியைப் பிடித்தபடியே நழுவி விழுந்தார். நான் வசனத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த ஊரே "ஒன்ஸ் மோர்!" என்று கத்தியது.

செத்தவர் முகம் வெளுத்துவிட்டது. "எங்கே தப்பு செய்தேன்?" என்று கிசுகிசுத்தார். குரல் பதியும் அறையில் இன்னொரு முறை கேட்டால், செய்தது சரியில்லை என்றுதான் அர்த்தமாம்.

"தப்பே இல்லை சார். இங்கே பிடித்துப்போனால்தான் திரும்பக் கேட்பார்கள்" என்றேன் குனிந்து.

இரண்டாம் வரிசையிலிருந்த கீரமங்கலத்து வியாபாரி பொறுமையிழந்தார். "தம்பி, அங்கிட்டு என்ன குசுகுசுன்னு பேச்சு? தொரைய எந்திரிச்சு இன்னொருக்கா சாகச் சொல்லுங்க! முன்னால உக்காந்திருக்க இந்தப் பய தலை மறைச்சிருச்சு!"

அதையும் இங்கிலீஷில் சொன்னேன். பிணம் வாய்விட்டுச் சிரித்தது. பிறகு எழுந்து, காலிக் கோப்பையை எடுத்து, முன்னைவிட நிதானமாகச் செத்தது. விசில் அடங்கவேயில்லை.

கண்ணை மூடிக் கிடந்தவர் உதட்டை அசைக்காமல் கேட்டார்: "நாளைக்கு எந்த ஊர்?"