வேறு தொழில் இல்லை

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு டீக்கடை இருந்தது. இடம் நான் வாடகைக்குப் பிடித்தது. பெயர்ப்பலகை ஒரு சென்னைக் கம்பெனியுடையது. டீத்தூள், கப், சுவருக்கு அடிக்கிற நிறம், எல்லாம் அவர்கள் சொன்னபடி. தீப்பெட்டி ஆபீசில் பத்து வருஷம் குச்சி அடுக்கினவள் நான். இனி ஒருத்தருக்குக் கீழே இருக்க வேண்டாம் என்றுதான் கடை எடுத்தேன்.

சேர்ந்த அன்று ஒரு பாரம் தந்தார்கள். அதில் 'வேறு தொழில் உண்டா?' என்று ஒரு வரி. இல்லை என்று எழுதினேன். பொய் எழுதவில்லை. விளாத்திகுளம் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் கரிசல் உண்டு. எங்கள் ஊரில் அதை யாரும் தொழில் என்று சொல்ல மாட்டார்கள். காடு என்போம். தொழில் என்றால் ஆபீஸ், மில், கடை. மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைத் தொழில் என்று யார் எழுதுவார்?

முதலாளி தினமும் கடையில் இருக்க வேண்டும் என்று இன்னொரு வரி. இருந்தேன். காலை ஐந்து மணிக்கு ஷட்டரைத் தூக்குவேன். புரட்டாசி வரைக்கும் ஒரு நாள் தப்பவில்லை.

புரட்டாசி கடைசியில் மழை பெய்தது. ஈரம் காய்வதற்குள் உளுந்து விதைக்க வேண்டும். மூன்று நாள்தான். விட்டால் அந்த வருஷம் தரிசு. என்னோடு குச்சி அடுக்கின பெண்ணைத்தான் கடையில் வேலைக்கு வைத்திருந்தேன். அவளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

மறுநாளே சென்னைக் கம்பெனி ஆபீசர் கடைக்கு வந்துவிட்டார். நடந்ததை அவள் பிறகு சொன்னாள்.

"ஓனர் எங்கம்மா?"

"அக்கா காட்டுக்குப் போயிருக்காவ சார்."

"காட்டுக்கா? எந்தக் காட்டுக்கு?"

"அவிய காட்டுக்குத்தான்."

"சொந்தமா காடு வெச்சிருக்காங்களா? புலி இருக்கா அதுல?"

"பன்னிதான் உண்டு சார். வெள்ளாமையத் தின்ன வரும்."

அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்கிறது. ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வழி கேட்டுக் கேட்டு என் காட்டுக்கே வந்தார். மழை பெய்த கரிசல் யாரையும் சும்மா விடாது. மட்கார்டுக்குள் மண் அடைத்து வண்டி பாதையிலேயே நின்றுவிட்டது. நடந்து வந்தார். ஒவ்வொரு ஷூவும் பானைத் தண்டி இருந்தது.

"கழத்திட்டு வாங்க சார். இங்கன வெறுங்காலுக்குத்தான் மரியாதை."

கழற்றவில்லை. வரப்பில் நின்றார்.

"மேடம், வேற தொழில் இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"ஆமா."

"அப்ப இது என்ன?"

"காடு."

"இது தொழில் இல்லையா?"

"லாபம் வந்து நீங்க பாத்தீயளா?"

விதைத்துக்கொண்டிருந்த டிராக்டர்காரர் சிரித்துவிட்டார். ஆபீசருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறேன், இனி ஒரு நாளும் கடையை விட்டுப் போக மாட்டேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் கடை. இல்லாவிட்டால் பலகையைக் கழற்றிவிடுவார்கள்.

"ஒரு கையெழுத்துதான் மேடம். உங்களுக்குக் கடை முக்கியமா, இது முக்கியமா?"

"நான் இல்லாட்டாலும் அங்கன டீ கொதிக்கும். இங்கன ஒண்ணும் மொளைக்காது. போட மாட்டேன்."

"கடை போயிடும்."

"போட்டும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு. ஈரம் காயுது, தள்ளி நில்லுங்க சார்."

விதைத்து முடித்த பிறகு, அவர் வண்டிச் சக்கரத்தில் இருந்த மண்ணைக் குச்சியால் நானே நோண்டி எடுத்துவிட்டேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் ஒருத்தர் சொல்லி அனுப்பியிருப்பார்.

ஒரு வாரத்தில் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஷட்டர் மூன்று மாதம் மூடிக் கிடந்தது. இடத்தை விட மனசில்லை. வாடகைக்காகக் கடையில் இருந்த அந்தப் பெண்ணும் நானும் திரும்பத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் குச்சி அடுக்கினோம். பழைய மேஸ்திரி, "என்னட்டி முதலாளி, வந்துட்டியா?" என்றார். வந்துட்டேன் என்றேன்.

சாயங்காலங்களில் ஒப்பந்தத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். கடை போன பிறகும் அந்த இடத்தில் நான் விற்கக் கூடாதவை என்று ஒரு பட்டியல் இருந்தது. டீ, காபி, பால், சுக்குக் காபி. பஜ்ஜியைக்கூட விடவில்லை. இரண்டு தடவை விரல் வைத்து வாசித்தேன். உளுந்தங்கஞ்சி இல்லை.

தை மாதம் உளுந்து வீடு வந்தது. பூண்டும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கஞ்சி காய்ச்சி, அதே இடத்தில் ஷட்டரைத் தூக்கினேன்.

கம்பெனியின் வேறொரு கடையைப் பார்க்க வந்த அதே ஆபீசர் ஒரு நாள் உள்ளே வந்தார். தன் கையிலிருந்த, விற்கக் கூடாதவற்றின் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"இதாவது தொழில்தானே மேடம்?"

"இது தொழில்தான் சார்."

போகும்போது ஷட்டர் ஓரத்தில் நான் சாக்பீசால் எழுதியிருந்ததை நின்று வாசித்தார். 'மழை பெய்தால் மூன்று நாள் கடை கிடையாது.'