தொண்ணூற்றேழில் இருபத்துமூன்று

தொண்ணூற்றேழு. 2005 ஜனவரியின் கடைசி வாரத்தில் முஸ்பிறா கணினியில் தட்டி முடித்த பதிவுகளின் எண்ணிக்கை அது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு கல்முனைக் கரையில் எடுத்து, யாரென்று தெரியாமலே அடக்கிய ஜனாஸாக்களின் அடையாளங்கள். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. தட்டச்சு கற்பிக்கும் வேலையை விட்டுவிட்டு, அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தார்.

முகத்தைப் படம் எடுக்க வேண்டாம் என்று பள்ளிவாசல் நிர்வாகம் அன்றே சொல்லியிருந்தது. அடக்கியவர்கள் அதை மீறவில்லை. உடையை, வளையலை, தழும்பை, செருப்பை எடுத்தார்கள். உடலில் இருந்ததைக் கழற்றாமல் அப்படியே அடக்கினார்கள். எந்த வரிசையில் எத்தனையாவது குழி என்பதை இரண்டு சீஆர் கொப்பிகளில் எழுதினார்கள். முஸ்பிறா அந்தக் கொப்பிகளைப் பார்த்துத்தான் தட்டினார். 2006இல் ஆய்வு செய்ய வந்த ஒரு குழு கொப்பிகளைக் கொழும்புக்குக் கொண்டுபோனது. அவை திரும்பி வரவில்லை. குழிகளில் நட்ட பலகைகளும் இரண்டு மாரிக்குமேல் தாங்கவில்லை. அதற்குப் பிறகு, எந்தக் குழியில் எந்த வளையல் என்று சொல்ல இருந்த ஒரே இடம், வெளிநாட்டு நிறுவனமொன்றின் சேர்வரில் இருந்த தரவுத்தளம்.

அதைக் கட்டியவர் தம்பிலுவில் ஊர்க்காரர் குணம். நிவாரண நிறுவனம் ஒன்றில் வேலை செய்த பொறியியலாளர். தேடுகிறவர்கள் எங்கிருந்தும் பார்க்கட்டும் என்று இணையத்தளம் செய்தார். பதிவையும் படத்தையும் ஒரே வரியில் சேர்த்து வைத்தார். கணக்கு அவருடைய பெயரில் இருந்தது. முஸ்பிறா இரண்டாவது தொடர்பாளர். 2007இல் வேறொரு நிறுவனத்தின் வேலைக்காகக் குணம் கிளிநொச்சிக்குப் போனார்.

2009 ஜூன் ஆறாம் திகதி, சனிக்கிழமை, பாத்தும்மா கடைக்கு வந்தார். முஸ்பிறா அப்போது கல்முனை பிரதான வீதியில் ஜவுபரின் கொமியுனிகேஷன் கடையில் வேலை செய்தார். போட்டோக் கொப்பி, வெளிநாட்டு அழைப்பு, மூன்று கணினி. பாத்தும்மாவின் மகள் நதீராவுக்குக் கடல் வந்த அன்று பத்தொன்பது வயது. நான்கரை வருடமாக மாதம் ஒரு தடவை வந்து, பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போகிறவர் பாத்தும்மா. மகள் அன்று போட்டிருந்தது ஊரில் பாதிப் பேர் போடுகிற நீலச் சட்டை. அதை வைத்து ஒன்றையும் சொல்ல முடியவில்லை. அன்று அவர் கொண்டுவந்தது வேறு செய்தி.

"குவைத்தால அவள்ட கூட்டாளி வந்திரிக்காள், மகள். அண்டைக்குக் காலையில இவள் அவள்ட மோதிரத்த வாங்கிப் போட்டுக்கிட்டு வந்தவளாம். பச்சைக் கல்லு. எனக்குத் தெரியா. பச்சைக் கல்லு மோதிரம் எத்தினையாவது குழியில எண்டு பாரு."

முஸ்பிறா பக்கத்தைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை.

அன்று பின்னேரம்தான் விடயம் தெரிந்தது. சேர்வர் வைத்திருந்த வெளிநாட்டு நிறுவனம் தொழிலையே மூடுகிறது. பக்கங்களை மே 31இல் நிறுத்திவிட்டார்கள். வாடிக்கையாளர் எடுத்துக்கொள்ளட்டும் என்று தரவுத்தளங்களை மட்டும் ஜூன் 30 வரை திறந்து வைத்திருந்தார்கள். அறிவித்தல் எல்லாம் குணத்தின் மின்னஞ்சலுக்குப் போயிருந்தது.

முஸ்பிறா தம்பிலுவிலுக்கு அழைத்தார். குணத்தின் தங்கை தர்சிகா எடுத்தார்.

"அண்ணா கதைச்சு அஞ்சு மாசமாகுது அக்கா. யுத்தம் முடிஞ்சு வந்த ஆக்கள்ட வவுனியா முகாம் லிஸ்ட்டுலயும் பேர் இல்ல. நாங்களும் அவரத்தான் தேடுறம்."

முஸ்பிறா கடவுச்சொல்லைப் பற்றிக் கேட்காமலே தொலைபேசியை வைத்தார்.

தரவுத்தளத்தின் கடவுச்சொல் முஸ்பிறாவிடமே இருந்தது. பழைய பதிவுகளைத் திருத்துவதற்காகக் குணம் எழுதிக் கொடுத்தது. கணக்கின் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்கான கடவுச்சொல்தான் குணத்தோடு போய்விட்டது. ஆகவே ஒரே வழி, தூரத்திலிருந்து தரவுத்தளத்தோடு நேரடியாக இணைந்து எல்லாவற்றையும் இழுத்துப் புதிய இடத்தில் போடுவது. கொழும்பு நிறுவனமொன்றில் புதிய இடம் எடுத்தார். அங்கிருந்தே இழுக்கப் பார்த்தார். தரவுத்தளத்துக்குரிய வாசல் வழியாக வெளியே போக எவரையும் விடுவதில்லை என்று அந்த நிறுவனம் பதில் எழுதியது. மிஞ்சியது ஜவுபர் கடையின் கணினி.

முதல் முயற்சியில் திரையில் ஒரு வரி வந்தது. இந்த இலக்கத்திலிருந்து வருகிறவருக்கு இங்கே அனுமதி இல்லை என்று அர்த்தம். இலக்கமும் அதிலேயே இருந்தது. புள்ளி வைத்த நான்கு எண்கள். இணையத்தில் கடைக்கு உரிய முகவரி அது. அந்த இலக்கத்தை அனுமதிக்கும்படி பழைய நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினார். இரண்டாவது தொடர்பாளருக்குக் கடவுச்சொல்லையோ பிரதியையோ தர முடியாது, இலக்கத்தை அனுமதிக்கலாம் என்றார்கள். எல்லா இலக்கத்துக்கும் திறந்துவிடக் கேட்டார். பாதுகாப்பில்லை என்று மறுத்தார்கள்.

மறுநாள் பதில் வந்தது. அனுமதித்தாயிற்று. முயன்றார். அதே வரி.

"அனுமதித்திருக்கிறோம், பிழை உங்கள் பக்கம்" என்று எழுதினார்கள். கடவுச்சொல்லை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தார். கணினியை மாற்றினார். பாதுகாப்பு மென்பொருளை நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் புது வரியை நகலெடுத்து அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் மறுநாள் பதில், அதே வரி. ஜூன் இருபத்தைந்து வரை இப்படி ஒன்பது தடவை.

"இண்டைக்கு என்னவாம் புள்ள?" என்று ஜவுபர் கேட்பார்.

"அதே கதைதான் காக்கா. உள்ளுக்கு விட ஏலாதாம்."

"நம்மட சனத்த எவன் உள்ளுக்கு விட்டான்? சோதனைச் சாவடியில நிக்கிற மாதிரி ஐடென்டிக் காட்டைக் காட்டிப் பாரு."

இருபத்தாறாம் திகதி வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்ட அரை மணி நேரம் இருந்தது. முஸ்பிறா மேசையைத் துப்புரவாக்கினார். அச்செடுத்து வைத்திருந்த பிழை வரிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கடைசி இரண்டு எண்கள் வேறு. மூன்றாவதை எடுத்தார். அதுவும் வேறு. ஒன்பது தாளிலும் ஒன்பது இலக்கம். மூன்று வாரமாகக் கண் முன்னே இருந்தது. நீளமான வரி என்பதால் அவர் தொடக்கத்தை மட்டும் வாசித்திருந்தார்.

அந்த நேரம் ஜவுபர் தொப்பியைப் போட்டுக்கொண்டு மெயின் சுவிட்சில் கை வைத்தார்.

பக்கத்துப் புடவைக் கடை வயர் பற்றி எரிந்த வருடத்திலிருந்து ஜவுபருக்கு அது வழக்கம். லுஹர் தொழப் போனால் மெயினை இறக்குவார். அஸருக்குப் போனாலும் இறக்குவார். இரவு பூட்டும்போதும் இறக்குவார். மெயின் இறங்கினால் இணையப் பெட்டியும் அணையும். மறுபடி எரியும்போது அது வேறு இலக்கத்தோடு எழும்பும். முஸ்பிறா காலையில் அனுமதி கேட்ட இலக்கம் லுஹர் பாங்கோடு செத்துவிடும். வெளிநாட்டுக்காரர்கள் மறுநாள் அனுமதித்தது எல்லாம் இல்லாத ஒரு வீட்டுக்கு.

"காக்கா, இறக்காதீங்க."

"என்ன புள்ள?"

"மெயின் விழுந்தா என்ட இலக்கம் போயிரும். நாலு நாளைக்கு அத அப்பிடியே விடுங்க."

"கடை பத்தினா ஒண்ட இலக்கம் வந்து அணைக்குமா?"

"பாத்தும்மா மாமிக்கு நீங்களே போய்ச் சொல்லுங்க அப்ப."

ஜவுபர் கையை எடுத்தார். "நாலு நாள்தான்" என்றார். அன்றிரவு அவர் இரண்டு தடவை எழும்பி வந்து கடையைப் பார்த்துவிட்டுப் போனதாக அவர் மனைவி பிறகு சொன்னார்.

முஸ்பிறா அன்றே புது இலக்கத்தை அனுப்பினார். சனியும் ஞாயிறும் உதவிப் பிரிவுக்கு லீவு. இணையப் பெட்டியின் பச்சை விளக்கு மூன்று நாளும் அணையவில்லை. இருபத்தொன்பதாம் திகதி திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அனுமதி வந்திருந்தது. முஸ்பிறா கடவுச்சொல்லைத் தட்டினார். வரி வரவில்லை. பட்டியல் வந்தது. தொண்ணூற்றேழு என்று எண்ணிக்கை காட்டியது.

"உட்டுட்டானுகளா?" என்றார் ஜவுபர்.

"ஓம் காக்கா. உட்டுட்டானுகள்."

இழுத்து முடிந்ததும் கூப்பிடுவதாகப் பாத்தும்மாவுக்கு ஆள் அனுப்பினார்கள். முஸ்பிறா இழுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வரியோடும் மூன்று, நான்கு படங்கள். சுருக்காத பெரிய படங்கள். பழைய சேர்வர் மெதுவாகக் கொடுத்தது. இடையில் நின்றது. மறுபடி தொடங்கியது. ஒரு வரி வந்து சேர மூன்று நிமிடம், நான்கு நிமிடம். பத்து மணிக்கு எட்டு. பத்தரைக்குப் பதினாறு. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இருபத்துமூன்று.

அப்போது கரண்ட் போனது. கடையில் மட்டுமல்ல, வீதி முழுக்க. ஜவுபர் முதலில் மெயின் சுவிட்சைத்தான் பார்த்தார். அது மேலேதான் இருந்தது. "நான் தொடல்ல புள்ள" என்றார்.

கரண்ட் வர மூன்று மணியானது. பெட்டி புது இலக்கத்தோடு எழும்பியது. திரையில் பழைய வரி. முஸ்பிறா அவசரம் என்று போட்டு எழுதினார். செவ்வாய்க்கிழமை முழுவதும் பதில் இல்லை. அன்று பின்னேரம், வேறு யாருக்கோ தேசிய அடையாள அட்டையைக் கொப்பி எடுத்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு ஒன்று தோன்றியது. படங்களை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் இழுத்திருக்கலாம். தொண்ணூற்றேழு வரி எழுத்து ஒரு நிமிட வேலை. குணத்தின் பக்கங்கள் இரண்டையும் சேர்த்தே காட்டிப் பழகியதால் அவரும் சேர்த்தே கேட்டிருந்தார். கொப்பி இயந்திரத்தின் மூடியைத் திறந்தபடி நின்றுவிட்டார். வாடிக்கையாளர் இரண்டு தடவை கூப்பிட்டார்.

ஜூலை முதலாம் திகதி பதில் வந்தது. இந்தக் கணக்கு இப்போது இல்லை.

பாத்தும்மா மறுநாள் வந்தார். முஸ்பிறா இருபத்துமூன்றையும் வாசித்தார். பாத்தும்மா கதிரையின் நுனியில் உட்கார்ந்து கேட்டார்.

"பச்சைக் கல்லு?"

"இதுல மோதிரம் ரெண்டுதான் மாமி. ஒண்டு வெள்ளி. மத்ததுல கல்லு இல்ல."

"மிச்சம்?"

"மிச்சம் போயிட்டு."

"நீதானே மகள் எல்லாம் எழுதின. ஒனக்கு ஞாபகம் இல்லியா?"

"மோதிரம் எண்டு நிறையத் தட்டின மாமி. கல்லு எண்டும் தட்டின. பச்சையா, எத்தினையாவது குழியா... பொய் சொல்ல ஏலா."

பாத்தும்மா தலையை ஆட்டினார். "செரி. தண்ணி கொஞ்சம் தா" என்றார். குடித்துவிட்டு, வரும் மாதமும் வரட்டுமா என்று கேட்டார். முஸ்பிறா குவளையை வாங்கி வைத்தார். புதிய இணையத்தளம் அந்த வாரம் திறந்தது. அதில் இருபத்துமூன்று பதிவுகள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இருபத்துமூன்று வரை. முதல் இரண்டு வரிசைக் குழிகள்.

மற்ற எழுபத்துநான்குக்கு இனி அடக்கியவர்களின் ஞாபகம் மட்டும்தான். அன்று குழி வெட்டி, அடையாளம் பார்த்து எழுதச் சொன்னவர்கள் பதினாறு பேர் என்று பள்ளிவாசலில் பெயர் கொடுத்தார்கள். அதில் ஒன்பது பேர் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். இருவர் மௌத்தாகி அடங்கிவிட்டார்கள். மிஞ்சிய ஐவரில் நால்வர், வரிசையெல்லாம் நினைவில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தாமவர் அப்துல் கபூர், இப்போது அட்டாளைச்சேனையில் மகளோடு இருக்கிறார். தொலைபேசியில் அவர் எதுவும் சொல்லவில்லை, நேரில் வரச் சொன்னார். முஸ்பிறாவும் பாத்தும்மாவும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் அங்கே போகிறார்கள்.