பறிபோன புள்ளி

ஜப்பானின் குமாமோட்டோ ஊரில் பஸ் ஓட்டிய சடயோஷி, ஞாயிற்றுக்கிழமைகளில் கெண்டோ எனும் மூங்கில் வாள் ஆட்டத்துக்கு நடுவராக நிற்பார். சட்டம் என்று வந்துவிட்டால் மனிதர் மசியமாட்டார். கெண்டோவில் ஜெயித்தவன் துள்ளக்கூடாது. தோற்றவன் எதிரே நிற்கும்போது அவன் மனம் நோகக் கொண்டாடினால், எடுத்த புள்ளியும் ரத்து.

ஊர்ப் போட்டியில் அவருடைய ஒரே மகன் ஷூஹெய், பன்னிரண்டு வயதுப் பையன், எதிராளியின் தலைக்கவசத்தில் பளீரென்று ஓர் அடி வைத்தான். புள்ளி கிடைத்ததும் அப்பாவைப் பார்த்துக் கையை உயர்த்திக் குதித்தான். சடயோஷி அந்தப் புள்ளியை ரத்து செய்தார். பையன் தோற்றுப்போனான்.

"உங்களப் பாத்துத்தானேப்பா குதிச்சேன்?"

"யாரப் பாத்தா என்னடா? தோத்தவன நெனச்சுப் பாத்தியா?"

அதன் பிறகு ஷூஹெய்க்குக் கோப்பைகள் வந்தன, வேலை வந்தது, கல்யாணமும் நடந்தது. ஒன்றுக்கும் அவன் முகம் மலரவில்லை. "அப்பன் வளர்ப்பு அப்படி" என்று ஊர் மெச்சியது. சடயோஷிக்கும் பெருமைதான்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் ஷூஹெய் தன் பெண் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு கல்லாக நின்றான். சடயோஷிக்குப் பொறுக்கவில்லை.

"சிரிடா! பொண்ணு பொறந்திருக்கா!"

குழந்தையின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் மெல்லச் சொன்னான்:

"பயமா இருக்குப்பா. சிரிச்சா இவளையும் எடுத்துக்குவாங்க."