கோர்தோபாவில் ஒரு கலியாணம்

1986இல் சுவிட்சர்லாந்தின் சூக் நகர உணவகமொன்றில் கோப்பை கழுவிய சிவநேசனுக்கு, அங்கே சமையல் செய்த பாக்கோ தன் கலியாணத்துக்கு வரச் சொன்னான். பாக்கோவின் ஊர் ஸ்பெயினிலுள்ள கோர்தோபா. ரோமர் கட்டிய பாலமும், சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள் நிறைந்த பெரிய பள்ளிவாசலும், பின்னாளில் அதன் நடுவிலேயே எழுப்பிய தேவாலயமும் சிவநேசனுக்குக் கேட்டுக் கேட்டே மனப்பாடம்.

ஆனால் சிவநேசனின் அகதி வழக்கு முடியும்வரை நாட்டெல்லை தாண்டக் கூடாது என்று அகதிகள் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

"அங்கை என்ன, நல்லூர்த் தேரோ ஓடுது? விடுங்கோ அண்ணை," என்று அறைத் தோழன் சந்திரகுமார் நக்கலடித்தான்.

"ரோமன் வந்தான், அரபிக்காரன் வந்தான், ஆர் ஆரோ வந்து இருந்த ஊரடா! நான் மூண்டு நாள் நிண்டால் இடிஞ்சு விழுமோ? இந்த நாட்டிலை என்னை மனுசனா மதிச்சு வீட்டுக்குக் கூப்பிட்டவன் அவன் ஒருத்தன்தான்."

அவன் ஊரான யாழ்ப்பாணத்தில், வரச் சொன்ன கலியாணத்துக்குப் போகாவிட்டால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சு அறுந்துபோகும். அந்தப் பயத்தோடுதான் மறுநாள் பாக்கோவிடம் தன்னால் வர முடியாது என்று சொன்னான்.

"பரவாயில்லை, படம் கொண்டுவந்து காட்டுறன்," என்றான் பாக்கோ, வெங்காயம் வெட்டியபடியே.

சிவநேசன் கையிலிருந்த சட்டியைத் தொட்டிக்குள் எறிந்தான். தெரிந்த அரைகுறை ஜெர்மனில் கத்தினான்.

"நான் வரேல்லை எண்டு உனக்குக் கோபமே வரேல்லையோ? அப்ப என்னை ஏனடா கூப்பிட்டனீ?"

பாக்கோவின் கத்தி நின்றது.