என் கணவரின் தொடையில் உடைந்த தகடு

என் கணவரின் தொடை எலும்போடு சேர்த்து முடுக்கியிருந்த எஃகுத் தகடு இரண்டாக உடைந்தபோது, எனக்கு முதலில் சந்தேகம் வந்தது தகட்டின் மேல்தான். ஈக்காட்டுத்தாங்கலில் உலோகங்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் நான். நல்ல எஃகு என்று முத்திரை குத்தி மட்டமான சரக்கைத் தள்ளிவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பைக் விபத்தில் எலும்பு முறிந்து, தகடு வைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எலும்பு கூடும்வரை ஊன்றுகோல் இல்லாமல் அந்தக் காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன், அப்பவே படக்குனு உடைஞ்சிருச்சு" என்றார் கணவர்.

மறு அறுவையில் எடுத்த துண்டுகளை டாக்டரிடம் கேட்டு வாங்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தது மாதிரி இருந்தது. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஆய்வகத்தில் ஓர் ஓரத்தை வெட்டி, மெருகேற்றி, அமிலத்தில் தோய்த்து நுண்ணோக்கியில் வைத்தேன். குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் உலோகத்தின் மணிகள், அதாவது அதன் நுண்ணிய படிகங்கள், சின்னச் சின்னதாக, ஒரே அளவில், நெருக்கமாக இருந்தன. கசடு இல்லை. கலவையும் சரி. பழி சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை.

பிறகுதான் தகடு உடைந்த பரப்பைப் பார்த்தேன். அந்த எஃகு ஒரே அடியில் உடைகிற ரகம் அல்ல; முதலில் வளையும். இதுவோ வளையவே இல்லை. திருகுத் துளையின் ஓரத்தில் ஆரம்பித்து, சிப்பி ஓட்டில் இருப்பது போல வளைவு வளைவாக வரிகள். பாரம் திரும்பத் திரும்ப விழுந்து, விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறிய தடம் அது. உலோகக் களைப்பு என்போம். வழுக்கியது கடைசி அடியாக இருக்கலாம். அதற்கு வெகு முன்பே அவர் கோல் இல்லாமல் நடந்திருக்கிறார்.

அன்றிலிருந்து அவரை வேறு கண்ணால் பார்த்தேன். நான் வேலைக்குக் கிளம்பியதும் எங்கே போவார்? யாரைப் பார்க்க? எங்கள் மயிலாப்பூர் குடியிருப்பில் எதிர்வீட்டு அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"நீ போனதும் வராண்டாவுல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துட்டிருந்தாரே, கோல் இல்லாமலே. உனக்குத் தெரியாதா?"

சாயங்காலம் துண்டுகளை அவர் முன்னால் வைத்தேன். "இது ஒரே நாள்ல உடையல. தினம் நடந்திருக்கீங்க. எதுக்கு என்கிட்ட மறைச்சீங்க?"

துண்டுகளை ஓரமாக நகர்த்தினார். "என்னைத் தூக்கி உட்கார வைக்கறப்பல்லாம் உன் மூஞ்சியப் பார்த்தேன். சலிச்சுப்போச்சுன்னு தோணிச்சு. இன்னும் எத்தனை நாள் தாங்குவியோன்னு பயந்துட்டேன். அதான் சீக்கிரம் தேறிடணும்னு நடந்து பழகினேன்."

"சலிப்பு இல்லீங்க. இடுப்பு வலி."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

புதுத் தகட்டோடு எலும்பு ஒருவழியாகக் கூடியது. அதுவரை, கோலை ஊன்றித்தான் நடந்தாரா என்று தெரிந்துகொள்ள, வீட்டுக்குள் நுழைந்ததும் ஊன்றுகோலின் ரப்பர் நுனியில் புழுதி ஒட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்துக்கொண்டிருப்பார்.