பல் செட்காரி விமானம் ஏறினாள்

பதினான்கு வருடம் அவள் மற்றவர்களுக்குப் பல் செய்தாள். பல் டாக்டரின் கிளினிக்கில், எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், ஒற்றை ஜன்னல் வைத்த அறை. பிளாஸ்டர் அச்சின்மேல் மெழுகை உருக்கி ஊற்றி, சின்னக் கத்திகளால் செதுக்கி, ஒவ்வொரு பல்லையும் அதனதன் இடத்தில் நட்டு வைப்பாள். செட்டை மாட்டிக்கொண்டவர்கள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு டாக்டரின் கையைப் பிடித்து நன்றி சொல்வார்கள். தானே உட்கார்ந்து செதுக்கியதுபோல் டாக்டரும் அடக்கமாகத் தலையாட்டுவார். மெழுகை எதில் உருக்குகிறார்கள் என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியாது.

முப்பத்தாறாவது வயதில் அவளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தது. விபத்திலோ நோயிலோ காதையும் மூக்கையும் இழந்தவர்களுக்கு சிலிக்கோனில் அவற்றைச் செய்து பொருத்தக் கற்றுத்தரும் இரண்டு வருடப் படிப்பு. உதவித்தொகையும் உண்டு. யாரிடமும் மூச்சு விடாமல் விண்ணப்பித்திருந்தாள். கூடவே, தான் மெழுகில் செதுக்கிய ஒரு காதின் படங்களையும் அனுப்பியிருந்தாள். அது அக்காவின் இடது காது. அக்கா டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து வரைந்து எடுத்தது. அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

கடிதத்தைக் காட்டியபோது டாக்டர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"மூக்கு செய்யப் போறியாம்மா? இங்க பல்லு செய்யவே ஆளக் காணோம்."

"வேற ஆள் பாத்துக்குங்க டாக்டர்."

"இந்த வயசுல போயி பெஞ்சுல உக்காந்து பாடம் படிக்கப் போற. சரி, பாதியில நிக்கிற ஒம்போது செட்டையும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ."

பதினான்கு வருடத்துக்கு அவர் சொன்ன பிரியாவிடை அவ்வளவுதான். ஒன்பதையும் முடித்துக் கொடுத்தாள். ஒன்றைக்கூடச் சோடையாகச் செய்யவில்லை. செய்திருந்தால் அவருக்குக் கண்டுபிடிக்கவும் தெரிந்திருக்காது.

வீட்டில் நிலைமை வேறு. அவள் இருந்தது அக்கா வீட்டில். அக்கா வீட்டுக்காரர், அதாவது அத்தான், பதினோரு வருடங்களுக்கு முன்னால் கம்பெனிப் பயிற்சிக்காக ஒரு தடவை விமானத்தில் போனவர். போனது ஒன்றேகால் மணி நேரம். திரும்பி வந்தது ரயிலில். ஆனால் அந்த ஒன்றேகால் மணி நேரத்தை வைத்து இத்தனை வருடம் அவர் வண்டி ஓட்டியிருந்தார். வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு, அது எவ்வளவு உயரத்தில் போகிறது என்று சொல்வார். யாரும் ஏணி வைத்து ஏறிச் சரிபார்க்கப் போவதில்லை என்ற தைரியம்.

அப்படிப்பட்டவர் வீட்டிலிருந்தே ஒருத்தி வெளிநாடு போகிறாள் என்றால் சும்மா இருப்பாரா? ஹாலில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அவள் மடியில் கட்டிப் பாடம் நடத்தினார்.

"ஏறும்போது காது அடைக்கும். வாயத் தொறந்தே வச்சுக்கணும். எறங்குற வரைக்கும் மூடக் கூடாது."

"பதினாறு மணி நேரமா அத்தான்?"

"நான் மூடலையே."

அதை அவள் நம்பினாள். அவர் எந்த இடத்திலும் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை.

சூட்கேசையும் அவரேதான் அடுக்கினார். அவள் மடித்து வைத்ததைக் கலைத்துப்போட்டுத் திரும்ப அடுக்கினார். உள்ளே வைத்திருந்த மெழுகுக் கத்திகளின் பையை எடுத்துக் கைப்பைக்கு மாற்றினார்.

"பெட்டி தொலஞ்சாலும் தொழில் கையில இருக்கணும்."

"கத்திய உள்ள விடுவாங்களா?"

"அது கத்தியாடி? குச்சி. நான் போனவன் சொல்றேன், கேளு."

அக்கா சமையலறையிலிருந்து, "அவரு போனவரு, கேட்டுக்கோ," என்றாள். அவள் கேட்டுக்கொண்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

காலை ஒன்பது மணிக்கு விமான நிலையத்தில் பெட்டியைப் போட்டுவிட்டு, சோதனை வரிசையில் நின்றாள். பை எந்திரத்துக்குள் போனது, வந்தது, மறுபடி போனது. சோதனைக்காரம்மா பையைத் திறந்து ஏழு கத்திகளையும் மேசையில் பரப்பினாள்.

"என்ன இதெல்லாம்?"

"பல்லு செய்றது, மேடம். என் வேலைக்கு உள்ளது."

"பெட்டியில போட்டிருக்கணும். இனிமே வெளிய போயி வர நேரமில்ல. விட்டுட்டுப் போங்க."

அந்தக் கத்திகளின் மரப்பிடிகள் அவள் விரல்களுக்கேற்பத் தேய்ந்தவை. ஒன்றில் கட்டைவிரல் வைக்கும் இடத்தில் குழியே விழுந்திருந்தது. நகவெட்டிகளும் கத்தரிக்கோல்களும் கிடந்த பிளாஸ்டிக் தொட்டியில் அவை போய் விழுந்த சத்தத்தைக் கேட்டபடியே அத்தானுக்குப் போன் போட்டாள். வழியனுப்ப வந்த அவர் இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"கத்தியெல்லாம் எடுத்துக்கிட்டாங்க."

"எடுத்துக்கிட்டாங்களா? நான் போனப்ப ஒண்ணும் சொல்லலையே."

"நீங்க பையில என்ன வச்சிருந்தீங்க?"

"ஒரு சீப்பு."

"அத்தான், இனிமே எனக்கு எதுவும் சொல்லித் தராதீங்க. எதையுமே."

பதினோரு வருடத்தில் யாரும் அவரிடம் சொல்லாததைச் சொல்லிவிட்டு போனை வைத்தாள். அதற்காக வருத்தமில்லை.

விமானத்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கை ஒரு தாடிக்காரனுக்கு வாய்த்தது. இருபத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் ஊதித் தடித்த தலையணை, காலில் புதுச் செருப்பு.

"புள்ளையப் பாக்கப் போறீங்களா ஆன்ட்டி?"

"படிக்கப் போறேன்."

அவன் சிரித்தான். பெல்ட்டை இழுத்து மாட்டத் தெரியாமல் அவள் தடுமாறியபோது மறுபடி சிரித்தான். தனக்கு இதெல்லாம் பஸ்ஸில் போவதுபோல என்றான். சக்கரம் தரையை விட்டது. வீடுகள் பிளாஸ்டர் அச்சில் நிற்கும் பற்களைப்போல் நெருக்கமாகவும் கோணலாகவும் கீழே தெரிந்தன. அவள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். காது அடைத்தது, எச்சில் விழுங்கியதும் திறந்தது. இவ்வளவுதானா என்றிருந்தது. தனக்குத்தானே சிரிப்பு வந்தது.

மேகத்துக்குள் விமானம் நாலு தடவை குலுங்கியதும் பஸ்ஸில் போகிறவன் வெளிறிப்போனான். இருக்கைப் பையிலிருந்த காகிதப் பையை அவள் எடுத்து விரித்துப் பிடித்தாள். வாய் பார்த்துப் பழகியவளுக்கு அதில் அருவருப்பு ஏது. இரண்டு பை ஆனது. துடைத்துக்கொண்டு அவன் மெதுவாகச் சொன்னான்:

"எனக்கும் இதான் ஃபர்ஸ்ட் டைம், ஆன்ட்டி."

"தெரியும். தண்ணி குடி."

அதன்பிறகு இறங்கும்வரை அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வரவில்லை.

அங்கே போனபின் அவளுக்கு நடந்ததெல்லாம் நல்லதே என்று சொல்ல மாட்டேன். முதல் இரண்டு மாதம் வகுப்பில் பாதிக்குப் பாதி புரியவில்லை. கூடப் படித்தவர்கள் அவள் வயதில் பாதி. அவள் பேச வாயெடுத்தால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கொடுத்த புதுக் கத்திகளின் பிடி தடிமனாக இருந்தது. பட்டறையில் உப்புத்தாள் தேடியெடுத்து அத்தனையையும் தேய்த்தாள். பல்கலைக்கழகச் சொத்தை ஏன் கெடுத்தாய் என்று கடிதம் வந்தது. மெழுகில் முதல் காதைச் செதுக்கிக் காட்டியபிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கூடப் படித்தவர்கள் தங்கள் கத்திகளையும் தேய்த்துத் தரச் சொல்லி வந்தார்கள். அவளா தேய்ப்பாள்? உப்புத்தாள் இருக்கும் அலமாரியைக் கைகாட்டினாள்.

இரண்டாம் வருடம் அவளிடம் வந்த முதல் நோயாளி ஓய்வுபெற்ற கொத்தனார். வலது காது போய் ஆறு வருடம். மூக்குக் கண்ணாடி நிற்க ஒரு பக்கம் ஆதாரமில்லாமல் தலையைச் சுற்றி நாடா போட்டுக் கட்டியிருந்தார். ஐந்து வாரம் வேலை செய்து, அவருடைய இடது காதுக்கு ஜோடியாக ஒன்றைப் பொருத்தினாள்.

அவர் கண்ணாடியில் முகம் பார்க்கவில்லை. நாடாவை அவிழ்த்தார். மூக்குக் கண்ணாடியை இரண்டு காதிலும் மாட்டினார். குனிந்தார், தலையை ஆட்டிப் பார்த்தார், அது நின்றது. மேசையில் கிடந்த செய்தித்தாளை எடுத்து, சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். வானிலை, கால்பந்து, யாரோ வீடு விற்கும் விளம்பரம், ஒன்றையும் விடவில்லை. அவளுக்குப் பாதிதான் புரிந்தது. கேட்டுக்கொண்டே அந்தக் காதைக் கூர்ந்து பார்த்தாள். மடலின் கீழ்ப்பக்கம் சிவப்பு ஒரு இழை கூடித் தெரிந்தது. அதைக் குறைக்கத் திங்கட்கிழமை மறுபடி வரச் சொன்னாள்.